பயன் சொல்லுகிறவன்

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராணம் படிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். வாசிக்கிறவர் ஒருவர், பயன் சொல்லுகிறவர் ஒருவர். வாசிக்கிறவர் பாட்டை ராகத்தோடு இழுத்து ஓரடி ஈரடியாக நிறுத்தித் தருவார். பயன் சொல்லுகிறவர் அதைப் பதம் பிரித்து, கொண்டுகூட்டிப் பொருள் சொல்லி, இடையில் ஒரு கிளைக்கதையையும் சித்தாந்தக் குறிப்பொன்றையும் செருகி, அடுத்த அடிக்குக் கையைக் காட்டுவார். வாசிக்கக் குரல் போதும், பயன் சொல்லப் படிப்பு வேண்டும் என்பது ஊரின் கணக்கு. அதனால் சபையில் மரியாதை பயன் சொல்லுகிறவருக்குக் கொஞ்சம் கூட. எங்கள் கோயிலில் படிப்பு முடிந்ததும் திருநீறும் காளாஞ்சியும் முதலில் அவர் கைக்குத்தான் வரும்.

அந்தக் கை நெடுங்காலம் என்னுடைய கையாக இருந்தது. அதற்கு முன் என் அப்பாவுடையது.

கந்தபுராணம் 10,345 பாட்டு. உற்பத்தி காண்டம் தொடங்கித் தட்ச காண்டம் வரை ஆறு காண்டங்கள். காஞ்சிபுரம் குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாசாரியார் பாடிய நூலை அந்த மண்ணைவிட எங்கள் மண் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தாரின் வாழ்க்கை முறைக்கே கந்தபுராண கலாசாரம் என்று பெயர் வைத்தார். மிகையென்று தோன்றலாம். ஆனால் என் சின்ன வயதில் எழுத்து வாசிக்கத் தெரியாத ஆச்சிமார், கஞ்சனைக் கண்டால் ஒரு பாத்திரத்தின் பெயரும் கோள்மூட்டியைக் கண்டால் இன்னொரு பாத்திரத்தின் பெயரும் சொல்லித் திட்டுவார்கள். கேட்டுக் கேட்டே படித்தவர்கள்.

நான் வாத்தியார். படிப்பித்தது தமிழும் சைவசமயமும். சைவப்புலவர் பரீட்சையும் எழுதிச் சித்தியெய்தினேன். ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலத்தை எத்தனை வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆணவ மலம் என்றால் என்ன என்று கேட்டால், உயிரை அநாதியே பற்றிய அழுக்கு, செம்பிற் களிம்புபோல் உடன் இருப்பது, உயிரின் அறிவையும் செயலையும் மறைப்பது என்று பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார்கள். மூன்றும் வந்தால் முழுப்புள்ளி. களிம்பு உவமையை விட்ட பிள்ளைக்கு ஒரு புள்ளி வெட்டுவேன். அந்தச் சிவப்புப் பேனையைப் பிடித்திருந்த கையில் எவ்வளவு களிம்பு இருந்தது என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டிருந்தால் பகிடி என்று நினைத்திருப்பேன்.

பிறகு தொண்டை பழுதாகியது. குரல்நாணில் சின்னக் கட்டி. பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனால் கொஞ்சக் காலத்துக்கு வாய் திறக்கக்கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். வெண்கட்டித் தூளுக்கு நடுவே கத்தியதும் ஒலிபெருக்கி இல்லாத மண்டபங்களில் பயன் சொன்னதும் சேர்ந்து செய்த வேலை. கந்தசஷ்டி கிட்டவாக வந்துகொண்டிருந்தது. கோயில் முகாமையாளர் வீட்டுக்கு வந்து, "மாஸ்டர், நீங்கள் சுகமாகி வரும்வரைக்கும் உங்கட பழைய மாணவன் ஒருத்தனை விடுவமோ?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். பேச முடியாததால் அந்தத் தலையாட்டல் மிகப் பெருந்தன்மையாகத் தெரிந்திருக்கும்.

பெடியன் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிறான். என்னிடம்தான் சைவசமயம் படித்தவன். பண்டிதர் பட்டம் ஒன்றும் இல்லை. நல்ல ஞாபகசக்தி, தெளிவான உச்சரிப்பு.

முதல்நாள் நான் சபையின் பின்பக்கம், தூணோடு இருந்தேன். அவ்வளவு தூரத்தில் இருந்து புராணம் கேட்டது என் சின்ன வயதுக்குப் பிறகு அன்றுதான். கேட்டேன் என்று சொல்வது பொய். பிழை பிடித்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் பதத்தைத் தவறாகப் பிரித்தான். இன்னோரிடத்தில் முடிக்க வேண்டிய வாக்கியத்தை முடிக்காமல் விட்டான். பயன் சொல்வதற்கென்று எங்களிடம் ஒரு நடை உண்டு, "இப்படியாகத் தேவர்கள் முறையிட்டருளக் கேட்டருளிய பெருமானானவர்" என்று நீட்டி நீட்டிப் போகிற நடை. அவன் அதைப் பாதியிலேயே கைவிட்டு, பக்கத்து வீட்டாரோடு கதைப்பதுபோலச் சொன்னான். எனக்குச் செருமல் வந்தது. தொண்டை நோவால் வந்த செருமல் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

கந்தபுராணத்தின் அரங்கேற்றமே இப்படித்தான் தொடங்கியது என்று ஒரு கதை உண்டு. முதற்பாட்டின் முதற்சொல்லிலேயே புணர்ச்சி பிழை என்று குமரகோட்டத்தில் ஒருவர் எழும்பினாராம். அது முருகன் எடுத்துக்கொடுத்த சொல் என்று கச்சியப்பர் சொல்லியும் அவர் விடவில்லையாம். மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தை விரித்து விதியைக் காட்டிய பிறகுதான் நூல் நகர்ந்ததாம். அந்தக் கதையை நான் பலமுறை சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்திருக்கிறேன். எழும்பியவருடைய வாரிசு நான்தான் என்பது தூணோடு இருந்த நாட்களில்தான் பிடிபட்டது.

சூரனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். சூரபன்மன், சிங்கமுகன், தாரகன் மூவரும் மாயை என்பவளின் பிள்ளைகள். சித்தாந்திகள் தாரகனை மாயை என்றும் சிங்கமுகனைக் கன்மம் என்றும் சூரனை ஆணவம் என்றும் கொள்வார்கள். போரில் விழுகிற வரிசையும் அதுதான்: தாரகன், பிறகு சிங்கமுகன், கடைசியாகச் சூரன். 1008 அண்டங்களை 108 யுகம் ஆள வரம் வாங்கியவன் கடைசிவரை நிற்கிறான். யாழ்ப்பாணத்தில் சூரன்போர் பார்த்தவர்களுக்கு இது கண்ணுக்கே தெரியும். இளந்தாரிகள் மரச்சூரனைத் தோளில் தூக்கி முன்னும் பின்னும் ஆட்டி ஓடுவார்கள். தலை மாறும், யானைமுகம் போய்ச் சிங்கமுகம் வரும், அதுவும் போகும். கடைசியில் மாங்கொப்பு. வேல் பட்டதும் சேவலும் மயிலும். சில கோயில்களில் உண்மைச் சேவலையே பறக்கவிடுவார்கள். பிள்ளைகளுக்குப் போர் பிடிக்கும், எனக்கு அதன் முடிவு பிடிக்கும். பகைவனை முருகன் அழிக்கவில்லை. ஏறிக்கொள்கிறான், கொடியில் வைத்துக்கொள்கிறான்.

போர் உச்சத்துக்கு வருகிறபோது முருகன் தன் பேருருவைச் சூரனுக்குக் காட்டுகிற இடம் ஒன்று யுத்த காண்டத்தில் வரும். அந்தக் கணத்தில் சூரனுக்குக் கண் திறக்கிறது. பாலன் என்று இவ்வளவு நாளும் இகழ்ந்தவனைப் பார்த்து உருகிப்போகிறான். கால் வலம்வர ஆசைப்படுகிறது, கை கும்பிட ஆசைப்படுகிறது, தலை தாழத் துடிக்கிறது, நா துதிக்க நினைக்கிறது. உடம்பு முழுக்க ஆயத்தம். ஆனாலும் அவன் வணங்கவில்லை. மானம் குறுக்கே நின்றுவிட்டது. உருவம் மறைந்ததும் பழைய சூரன் திரும்பி வருகிறான், போர் தொடர்கிறது.

எனக்கு இது பிடித்த இடம். இந்த இடத்தில் எப்போதும் நான் திரோதம், மலபரிபாகம், சத்திநிபாதம் என்று ஒரு நீண்ட விளக்கம் வைத்திருப்பேன். மலம் பக்குவப்படாததால் காட்சி கிடைத்தும் பயன் கிடைக்கவில்லை என்று நிறுவுவேன். அதைக் கேட்கவென்றே பக்கத்து ஊர்களில் இருந்து இரண்டொரு பேர் வருவார்கள்.

பெடியன் அந்தப் பாட்டுக்கு வந்தான். பொருளைச் சொன்னான். சற்று நிறுத்தினான். பிறகு இவ்வளவுதான் சொன்னான்: "சூரனுக்கு உண்மை தெரியாம இல்லை. தெரிஞ்சும் குனிய ஏலாம நிண்டவன். எங்களுக்கும் அப்பிடி ஒரு நேரம் வரும். நல்லதைக் காணுவம், நல்லது எண்டும் தெரியும், வாய்தான் திறவாது." அடுத்த அடிக்குக் கையைக் காட்டிவிட்டான்.

எனக்கு முன்னால் இருந்த ஆச்சி பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, "இந்தப் பெடியன் சொல்லேக்கைதான் எனக்கு விளங்குது பிள்ளை. மாஸ்டர் பெரிய படிப்பாளி, அவர் சொல்லுறது பெரிய ஆக்களுக்கு" என்றா. நான் பின்னால் இருப்பது அவவுக்குத் தெரியாது. பழியும் இல்லை அதில், பாராட்டென்றே சொன்னா.

படிப்பு முடிந்தது. ஆட்கள் அவனைச் சுற்றி நின்றார்கள். நானும் எழும்பிப் போனேன். போகும்போது மனதில் இருந்தது ஒன்றுதான்: நல்லாச் சொன்னாய் தம்பி என்று சொல்ல வேண்டும். உண்மையிலேயே நன்றாகச் சொல்லியிருந்தான். என் நீண்ட விளக்கம் எட்டாத ஓரிடத்தை அவனுடைய நான்கு வாக்கியம் தொட்டிருந்தது. அது எனக்குத் தெரிந்தது, ஐயமே இல்லாமல் தெரிந்தது. அவன் என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கி வந்து கைகட்டி நின்றான். நான் டாக்குத்தர் போட்ட தடையை மீறி, காற்றுக் குரலில் வாயைத் திறந்தேன்.

"மூண்டாம் பாட்டிலை பதம் பிரிச்சது பிழை."

"ஓம் மாஸ்டர். நாளைக்குத் திருத்திறன்."

வீட்டுக்கு வந்தபோது மனைவி, "என்னப்பா, முகம் கறுத்துக் கிடக்கு? படிப்புச் சரியில்லையோ?" என்று கேட்டா. நல்ல படிப்பு என்று கையால் காட்டினேன். அவவிடம் காட்ட முடிந்தது.

அன்றிரவு நித்திரை வரவில்லை. பொறாமை என்று ஒரு சொல்லில் முடித்துவிட முதலில் பார்த்தேன். பொறாமை எல்லோருக்கும் வரும், வாத்தியாருக்கு மாணவன்மேல் வருவதும் உலகத்தில் புதிது இல்லை. ஆனால் அந்தச் சொல் போதாது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் வேறொரு பெடியன் இருந்திருந்தால், என் ஒன்றுவிட்ட தம்பியின் மகன் இருந்திருந்தால், அதே நான்கு வாக்கியத்துக்கு நான் என்ன செய்திருப்பேன் என்று என்னையே கேட்டேன். பதில் உடனே வந்தது. முதுகில் தட்டியிருப்பேன்.

அவன் எந்தப் பகுதிப் பெடியன் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை. சொல்லாமலே தெரிந்து வைத்திருப்பதில் எங்கள் ஊருக்கு ஒரு திறமை உண்டு. என் அப்பா பயன் சொன்ன காலத்தில் அவனுடைய அப்பப்பா கோயிலின் வெளிவீதியில் நின்று கேட்டவர். உள்ளே வர விடமாட்டார்கள். அவருக்குக் கந்தபுராணத்தில் பெரும்பகுதி மனப்பாடம் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார், வியப்போடு சொல்லியிருக்கிறார். அந்த வியப்பு அவரை உள்ளே கூப்பிடும் அளவுக்கு வளரவில்லை.

இது என் குடும்பத்துக் கதை மட்டும் இல்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஒருவனைச் சாதி காரணமாகக் கோயிலுக்குள் விடாமல் தடுப்பது குற்றம் என்று அச்சில் வந்த பிறகும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் உள்ளே போகக் கேட்டுச் சத்தியாக்கிரகம் இருக்கவேண்டி வந்தது. தடுத்து நின்றவர்களின் முன்னணியில் கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம் நின்றார். படிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. நான் அப்போது பள்ளிக்கூடப் பெடியன். வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைத்தது ஞாபகம் இருக்கிறது. அதே ஆட்கள்தான் கந்தபுராணத்தின் கடைசிப் படலத்தை, வேடர் சேரியில் வளர்ந்த வள்ளியை முருகன் தேடிப்போய்க் கைப்பிடிக்கிற படலத்தை, கண்ணீர் மல்கக் கேட்டார்கள். வள்ளி திருமணத்துக்குப் பயன் உள்ளே, வள்ளியின் ஆட்கள் வெளியே. இந்த முரணை எங்கள் பயன்காரர் யாரும் பயனில் சேர்த்ததாக நான் கேட்டதில்லை. நானும் சேர்த்ததில்லை.

1995இல் உள்நாட்டுப் போரால் ஒருமுறை இது எல்லாம் கலைந்தது. அந்த வருஷக் கந்தசஷ்டி முடிந்த கையோடு, ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் மழையில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நான் சைக்கிள் கரியரில் அப்பாவின் கந்தபுராணப் புத்தகத்தைப் பொலித்தீனில் சுற்றிக் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தேன். சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் எல்லோரும் ஒரே சீமெந்துத் தரையில் படுத்தோம், ஒரே கிடாரத்துக் கஞ்சியைக் குடித்தோம். மார்கழியில் திருவெம்பாவைக்கு முன்னர் திருவாதவூரர் புராணமும் அங்கேயே படித்தோம். யார் எங்கே இருப்பது என்ற கேள்வியே எழவில்லை. எழும்ப இடமும் இருக்கவில்லை. அப்போது எனக்கு ஆணவம் போய்விட்டதாக ஒரு நினைப்பு. அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பினோம். கூரை இல்லாத வீட்டுக்கு முதலில் கதவு போட்டோம், கோயிலில் பழைய வரிசைக்கு எல்லோரும் தாமாகவே போய் இருந்துகொண்டார்கள். நானும் என் இடத்துக்குப் போனேன். அது காலியாகவே இருந்தது.

உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயனில் இருள்மலநிலை என்று ஓர் அதிகாரம் உண்டு. ஆணவத்தை அவர் ஏன் சாதாரண இருட்டைவிட மோசம் என்கிறார் என்பதைப் பரீட்சைக்காகப் படித்தேன், படிப்பித்தும் விட்டேன். இருட்டு மற்றப் பொருள்களை மறைத்தாலும் இருட்டு இருக்கிறது என்பதாவது தெரியும். ஆணவம் மற்றதையும் காட்டாது, தன்னையும் காட்டாது. படித்தபோது இது ஒரு நுட்பமான தருக்கமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். நான் இறுமாப்புக்காரன் இல்லை. யாரையும் அதட்டியதில்லை. எந்தச் சாதிக்காரர் வீட்டிலும் தண்ணீர் குடிப்பேன், மேடையில் சமத்துவம் பேசுவேன். ஆகவே ஆணவம் என்பது வேறு யாருடையதோ என்று இருந்தேன். அந்த வரிகள் என்னைப் பற்றியவை என்று தெரிய ஒரு பெடியன் என் இடத்தில் இருந்து நான்கு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது.

சித்தாந்தத்தில் இன்னொன்றும் உண்டு, அதைக் கேட்டால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை. அதன் சத்தி அடங்கிவிடும், பொருளாக அது இருக்கும். ஆணவத்தை ஒழித்துவிட்டேன் என்று ஒருவர் சொல்வதற்கே மெய்கண்டார் வழியில் இடமில்லை. சூரன் சாகாமல் மயிலானதும் இதுவும் ஒரே செய்தி என்று நான் நினைக்கிறேன். இப்படி யாரும் எழுதியிருக்கிறார்களோ, எனக்குக் கவலையில்லை. ஒழிக்க வேண்டியதில்லை என்றால் ஓர் ஆறுதல். எப்போதும் கூடவே இருக்கும் என்றால் பெரிய தொல்லை.

நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமி இருந்ததை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதையாகச் சொல்வார்கள். ஊருக்கு அவர் விசரர். சோறு கறி சமைத்து முடித்துவிட்டு, சாப்பிடும் நேரத்தில் சட்டியைப் போட்டு உடைத்துவிடுவாராம். கும்பிட வந்தவர்களுக்கு ஏச்சு. இரணைமடு நீர்ப்பாசன வேலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த ஓர் இளைஞர் அந்த வழியால் வந்தபோது, யாரடா நீ என்று அதட்டிக் கேட்டாராம். பின்னாளில் கொழும்புத்துறையில் இருந்து, 1964இல் சமாதியடைந்த யோகர் சுவாமி அந்த இளைஞர்தான். இவரிடமும் பட்டம் பதவியோடு போனவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள் என்பது யாழ்ப்பாணத்தில் பரவலான பேச்சு.

இந்தச் சட்டி உடைத்த கதையையும் நான் மேடைகளில் சொல்லியிருக்கிறேன், பற்றறுத்தல் என்ற தலைப்பில். இப்போது எனக்கு அதைவிட அந்த அதட்டல்தான் காதில் விழுகிறது. என்னை யாராவது தேரடியில் வைத்து அப்படிக் கேட்டிருந்தால் பதில் கையில் இருந்தது. நான் பயன் சொல்லுகிறவன். இன்னாருடைய மகன். சைவப்புலவர். இத்தனையும் மற்றவர்கள் தந்தவை. தொண்டை போனதும் முதலாவது போய்விட்டது, அது போனதும் நான் தூணோடு ஒட்டிக்கொண்டு இன்னொருவன் பிழையை எண்ணுகிறவனானேன். நான் யார் என்ற கேள்வியை இரமணரின் சின்னப் புத்தகத்தில் வாசித்தால் தத்துவமாக இருக்கிறது. விசரர் ஒருவர் தெருவில் வைத்து அதட்டிக் கேட்டால்தான் அதன் சூடு தெரியும் போலும்.

தேரடி இருக்கிற நல்லூரில் இன்னொரு வழக்கம் எனக்கு எப்போதும் பிடிக்கும். அமைச்சர் வந்தாலும் கடலை விற்கிறவர் வந்தாலும் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். அர்ச்சனைச் சீட்டு நெடுங்காலம் ஒரு ரூபாவாகவே இருந்தது. விலைவாசி எங்கோ போன பிறகும் நெடுநாள் அந்த ஒரு ரூபா மாறவில்லை. பெரிய ஆள் என்று காட்ட அங்கே பெரிய சீட்டு எடுக்க வழியில்லை. எங்கள் ஊர்க் கோயில்களில் அப்படியா? குழல்விளக்கில் இருந்து தண்ணீர்த் தாங்கிவரை உபயம் இன்னார் குடும்பம், கனடா. உபயம் இன்னார் நினைவாக, லண்டன். எங்கள் மண்டபத்தில் ஒரு விளக்கில் பெயர் எழுதிய அளவுக்கு வெளிச்சம் குறைந்திருக்கும். புலம்பெயர்ந்தவர்களைக் குறை சொல்வது இப்போது ஊரில் ஒரு பொழுதுபோக்கு, நானும் சொல்லியிருக்கிறேன். அவர்களாவது பெயரை மையால் எழுதினார்கள்.

கந்தசஷ்டி முடிந்து, திருக்கல்யாணமும் முடிந்த பிறகு ஒருநாள் பெடியன் வீட்டுக்கு வந்தான். பதம் பிரித்த இடங்களைக் கொப்பியில் எழுதிக் கொண்டுவந்திருந்தான். சரி பார்த்துத் தரச் சொன்னான். நான் பார்த்தேன். நான் பிழை என்று சொன்ன இடம் பிழைதான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் வேறு ஓரிடத்தில் நான் நெடுங்காலமாகச் சொல்லி வந்த பிரிப்பைவிட அவனுடையது நேராக இருந்தது. என்னுடையது அப்பாவிடம் இருந்து நான் கேட்டு எடுத்தது, அப்பா யாரிடமோ கேட்டது.

"இதை எங்கை எடுத்தனி?" என்று கொப்பியில் எழுதிக் காட்டினேன்.

"அப்பப்பா சொல்லுறவர் மாஸ்டர். எங்கட அப்பாவுக்கும் அப்பிடித்தான் பாடம்."

வெளிவீதியில் நின்றவர் காதில் விழுந்ததை அப்படியே பாடம் பண்ணியிருக்கிறார். உள்ளே இருந்த நாங்கள் அதற்கு மெருகு போட்டு மெருகு போட்டு வேறாக்கிவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவனிடம் இதைச் சொல்லவில்லை. கொப்பியில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டேன். அதற்குக் கீழே, கந்தசஷ்டியில் சொல்ல வேண்டியதையும் எழுதினேன். சூரன் குனிய ஏலாமல் நின்ற இடத்தை நீ சொன்னது நல்லாய் இருந்தது என்று. அவன் அதை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, கொப்பியை மூடி வைத்தான். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தா.

குரல் திரும்பியது, பழைய வலு இல்லை. முகாமையாளர் மறுபடி வந்தார். நான் பயன் சொல்ல வரவில்லை, வாசிக்கிறேன், அவன் சொல்லட்டும் என்றேன். இதைக் கேட்டு அவர் உருகிவிட்டார். ஊர் முழுக்கச் சொன்னார். மாஸ்டரின் பணிவைப் பாருங்கோ, தன்ரை மாணவனுக்குப் பக்கத்திலை இருந்து வாசிக்கிறார் எண்டு. சந்தையிலும் கண்டவர்கள் சொன்னார்கள், கோயில் கிணற்றடியிலும் சொன்னார்கள். வேண்டாம் என்று கையை அசைத்தபடியே அவ்வளவையும் கேட்டேன். நன்றாக இருந்தது. பயன் சொல்லியபோது கிடைத்த புகழைவிட இது இனிப்புக் கூட.

வாசிப்பில் எனக்கு வேறொரு கஷ்டமும் உண்டு. பாட்டை நிறுத்திக் கொடுக்கிற இடத்தில், அவன் பொருள் சொல்லத் தொடங்கும் முன், எனக்குள் என் பயன் ஓடத் தொடங்கிவிடும். அவன் வேறு பக்கம் திரும்பினால் எனக்குச் செருமல் வரும். சில நாட்களில் வருவதில்லை. வராத நாட்களில் பாட்டு எனக்குக் கேட்கிறது. இவ்வளவு காலமும் பாட்டைப் பயனுக்கு மூலப்பொருளாக மட்டுமே பார்த்திருக்கிறேன். கச்சியப்பரின் ஓசை எப்படிப்பட்டது என்று இந்த வயதில்தான், என் வாயால் நானே வாசித்து, கேட்கிறேன். யுத்த காண்டத்தில் வாள் மோதுகிற இடமும் வள்ளி தினைப்புனத்தில் நிற்கிற இடமும் ஒரே வாயில் வேறு வேறு விதமாக நடக்கின்றன. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று படிக்கட்டுப் போட்டுப் படிப்பித்தவன் நான். புராணம் வாசிப்பது சரியையில்தான் வரும், அடிப்படி. அங்கிருந்து ஏறாமலே போய்விடலாம், எனக்கு இப்போது அதில் அவசரம் இல்லை.

இந்த வருஷக் கந்தசஷ்டிக்கு நோட்டீஸ் அடிக்கும்போது யார் பெயரை முதலில் போடுவது என்று முகாமையாளர் தயங்கினார். அவனுடைய பெயரை முதலில் போடுங்கோ, பயன் சொல்லுறவர் பெயர்தான் முதலில் வருவது வழக்கம் என்றேன். அச்சகத்தில் இருந்து கட்டு வந்ததும் எனக்கொன்று அனுப்பியிருந்தார். மஞ்சள் தாள், மேலே வேல், நடுவில் பூசை நேரங்கள், கீழே நாங்கள் இரண்டு பேரும். அவனுடைய பெயர் முதலில் இருந்தது. நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, என் பெயருக்கு முன்னால் சைவப்புலவர் என்று போட்டிருக்கிறார்களா என்று பார்த்தேன்.

போட்டிருந்தார்கள்.